கேட்டுத் திறக்கும் கதவு

பெண்கள் கழிப்பறை எங்கே என்றுதானே கேட்டீர்கள்? உட்காருங்கள், சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்து நேரே இங்கே இறங்கியிருக்கிறீர்கள், முகமே சொல்கிறது. உங்கள் புத்தகத்தின் மெய்ப்பு இதோ இருக்கிறது. சந்தியெல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். உங்களிடம் கேட்கவேண்டிய ஐயங்கள் சில உண்டு, அவை காத்திருக்கும். முதலில் நீங்கள் கேட்டதற்கு மறுமொழி சொல்லவேண்டும் அல்லவா? ஆனால் வலப்பக்கம் போங்கள், இடப்பக்கம் திரும்புங்கள் என்று கைகாட்டி அனுப்ப நான் வாயிற்காவலர் அல்லேன். இந்த அச்சகத்துக்கு அந்தக் கழிப்பறையைக் கொண்டுவந்தவளே நான்தான்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி.

என் பெயர் செண்பகவல்லி. முறையாகப் புலவர் வகுப்புப் படித்துத் தேறியவள். இங்கே என்னைப் புலவரம்மா என்பார்கள். முதலாளி மட்டும் டீச்சர் என்பார். நான் இந்த மெய்ப்புப் பிரிவுக்கு வந்த காலத்தில் சிவகாசியில் எங்கள் தெரு முழுவதும் அச்சகங்கள். நாட்காட்டி அடிக்காத வீடு இல்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிடம் உள்ள அச்சகம் ஒன்றும் இல்லை. ஆண்களுக்குக் கவலையில்லை, பின்சுவர் இருந்தது. எங்களுக்கு முதலாளியின் வீடு. அச்சகத்தை ஒட்டி, அந்தச் சந்துக்கு அப்புறம்.

போனவுடன் நுழைந்துவிட முடியாது. முதலாளியின் மனைவி கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதிரே போய் நிற்கவேண்டும். அவர் பார்க்கும்வரை நிற்கவேண்டும். பார்த்ததும், "மறுபடியுமா?" என்பார். அந்த ஒரு சொல்தான். வேறு வசவு ஒன்றும் இல்லை. எம்.ஏ. படித்த பெண் எங்களில் ஒருத்தி இருந்தாள். அவளையும் அப்படித்தான் கேட்பார். அதற்கு அஞ்சி நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டோம். கோமளா என்று ஒருத்தி, சிறுநீர்த் தாரையில் புண் கண்டு மதுரை மருத்துவமனையில் போய்ப் படுத்தாள். பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்க கதவத் தொறந்தா உடனே போயிரலாம்க்கா" என்றாள். மருத்துவமனைக் கழிப்பறையைப் பற்றி அப்படிப் பெருமையாகச் சொன்ன நோயாளியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அன்றே நூலகத்துக்குப் போனேன். சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். தொழிற்சாலை என்று ஒன்று இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, மறைவாக, ஒதுக்கிடம் இருந்தாகவேண்டும். தனித்தனியே. நன்றாகக் கவனியுங்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் முன் நின்றேன். முதலாளி சௌந்தரபாண்டியன் சிரித்தார். "டீச்சர், நீங்க எட்டுப் பொம்பளைக. எட்டுப் பேருக்கு ஒரு கட்டடமா? பேங்குல கடன்தான் வாங்கணும்" என்றார்.

நான் வாதாடவில்லை. திரும்பி வந்து, நாட்காட்டிப் பக்கங்களைப் படிக்காமலேயே கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னேன். எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசி இரண்டு நாள் தள்ளி அச்சாயிற்று. நாட்காட்டி அடிக்கக் கொடுத்திருந்த கும்பகோணத்துக்காரர் அத்தனை கட்டையும் லாரியில் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு முதலாளி கொத்தனாரைக் கூட்டிவந்து என்னிடமே விட்டார். "டீச்சர் சொல்ற இடத்துல கட்டு. அவங்ககிட்ட நமக்கு வம்பு வேணாம்."

காகிதக் கிடங்குக்குப் பின்னால், உள்ளே மூன்று அறைகள், வெளியே ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. பூட்டு நான் கேட்டு வாங்கியது. ஏன் என்று கேளுங்கள். பூட்டில்லாத கதவை இயந்திரப் பிரிவு ஆண்கள் ஒரு வாரம்கூட மதிக்கமாட்டார்கள். சாவி என் மேசைமேல் இருக்கும். வந்து கேட்டு வாங்கிப் போகவேண்டும். கழுவிவிட்டு, பூட்டிவிட்டு, கொண்டுவந்து அதே இடத்தில் வைக்கவேண்டும். ஒழுங்கு என்றால் இதுதான். இத்தனை ஆண்டுகளில் அந்த அறையில் ஒரு வெற்றிலைக் கறை கண்டிருப்பீர்களா? காணமுடியாது.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? இருங்கள். இனிமேல்தான் செய்தியே வருகிறது.

பைண்டிங் பிரிவில் பெண்கள் இருக்கிறார்கள், வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். தாளை மடிப்பார்கள், தைப்பார்கள், பசை தடவுவார்கள். கூலி ஆட்கள். அவர்களுக்கும் சாவி கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதிய உணவு நேரத்தில் கொடுத்தேன். மற்ற நேரத்தில் வந்தால் காரணம் கேட்பேன். கேட்காமல் எப்படி? ஒருத்தி போனால் மூன்று பேர் கூடப் போவார்கள். அங்கே நின்று ஊர்க்கதை பேசுவார்கள். குழாயெல்லாம் பசையாகிவிடும். உண்மையாகவே அவசரமா, மாதவிலக்கா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பேன். இதில் என்ன தவறு?

அப்படி நடந்துகொண்டிருந்த இடத்தில்தான், போன ஆண்டு, முதலாளியின் மகன் கிஷோர் பக்க வடிவமைப்புக்கென்று மதுரையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பெயர் ஆதிரை. திருநங்கை. பெயரில் குறை சொல்லமாட்டேன், நல்ல தமிழ்ப் பெயர். வேலையிலும் குறை சொல்லமாட்டேன். பத்தி பிரிப்பதும் இடம்விடுவதும் கச்சிதம். வந்த அன்றைக்கே நடுப்பகலில் என் மேசைமுன் வந்து நின்றார். நான் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுபவள் அல்லேன். அவர் என்றுதான் சொல்வேன். அவர் என்று சொல்லிவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை.

"அம்மா, சாவி" என்றார்.

"எதற்கு?"

"எதுக்குன்னா... பாத்ரூமுக்குத்தாம்மா."

"அது பெண்களுக்கு உரியது."

"அதான்மா கேக்குறேன்."

நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். உங்கள் அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். திருநங்கை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். பெண் என்று எழுதவில்லையே என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "எங்களுக்கும் ஒரு சட்டம் இருக்குதும்மா. வேலை பாக்குற எடத்துல வித்தியாசம் பாக்கக் கூடாதுன்னு" என்றார். எனக்குச் சட்டம் சொல்கிறார். இந்தக் கட்டடத்துக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தவளிடம் வந்து சட்டம் சொல்கிறார்.

"முதலாளியிடம் சொல்லி உங்களுக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு செய்யச் சொல்கிறேன்" என்றேன்.

"அதுவரைக்கும்மா?"

நான் மெய்ப்புத் தாளைத் திருப்பினேன். மறுமொழி சொல்லவேண்டிய கேள்வியா அது?

இயந்திரப் பிரிவில் கருப்பசாமி என்று ஒரு போர்மேன். அவன் நக்கல் ஊரறிந்தது. "புலவரம்மா, அந்தப் புள்ளைய எங்க பக்கம் தள்ளிவிட்டுராதீங்க. நாங்கள்லாம் கூச்ச சுபாவம்" என்று கதவருகே நின்று சொன்னான். உள்ளே இருந்த பயல்கள் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். ஆதிரை தலை நிமிராமல் கணிப்பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பி, விருதுநகர் சாலையில் இருக்கிற பெட்ரோல் பங்க்வரை போய்வந்தார். அன்றுமுதல் தினமும் அப்படித்தான். வெயில்தான், மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு நடை நல்லது.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணுகிறீர்கள். உங்கள் புத்தகத்தைப் படித்தவள் நான். நீங்கள் எப்படி எண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வசுமதி என்று என் பிரிவில் ஒரு பெண். எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அவள் வந்து மெல்லச் சொன்னாள்: "அக்கா, உள்ள தடுப்பெல்லாம் பாதிச் சுவருதானே? கதவும் கீழே முழம் தூக்கியிருக்கு. யாராயிருந்தாலும் எனக்கு என்னவோ பயமாயிருக்குக்கா." அவள் பயம் பயம் இல்லையா? எத்தனை பாடுபட்டு வாங்கிய மறைவு அது. ஒருவருக்காக அதை விட்டுக்கொடுக்கவேண்டுமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஒருவரும் ஒழுங்காக விடை சொல்லவில்லை. கிஷோரிடம் கேட்டால், "ஆன்ட்டி, இப்பல்லாம் அப்படிப் பேசக் கூடாது" என்கிறார். பேசக் கூடாது என்பது ஒரு விடையா? ஆன்ட்டியாம்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முன்பு சட்டம் என் பக்கம் நின்றது, இப்போதும் நிற்கும். நானே தொழிலக ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானே போனேன். பெண்களுக்கு உரிய ஒதுக்கிடத்தைக் காப்பாற்றித் தாருங்கள், நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வாளர் ஒரு பெண், ஜெபராணி என்று பெயர். பெண் என்றதும் எனக்கு மனம் குளிர்ந்தது.

அவர் வருகிற நாளுக்கு முன்பே பைண்டிங் பெண்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினேன். "நாளைக்கு மேடம் வந்து கேட்டால், வேறு யாரும் அங்கே வருவதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்லவேண்டும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முத்துப்பேச்சி என்று ஒருத்தி, கொஞ்சம் வாயாடி, அவளும் ஆட்டினாள். "நீங்க சொன்னா சரிம்மா" என்றாள். இதோ இந்த இடத்தில் நின்று சொன்னாள்.

காப்பி சொல்லட்டுமா? கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, நாற்காலி வசதியாக இல்லையா?

ஆய்வாளர் வந்தார். முதலாளி, கிஷோர், நான், ஆதிரை, எல்லாரும் இருந்தோம். நான் எழுந்து நின்று முறைப்படி எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆண்டு, எந்தச் சட்டம், எப்படி வாங்கினோம், இப்போது என்ன நேர்கிறது. அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"இங்க எத்தனை பெண்கள் வேலை பாக்குறாங்கம்மா?"

"எட்டுப் பேர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், பைண்டிங் கூடத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பெண்கள். கை மடித்துக்கொண்டே இருந்தது. கண் எல்லாம் எங்கள் பக்கம்.

"அவங்க?"

"அவர்கள் பைண்டிங்" என்றேன்.

"பெண்கள் இல்லையா?"

இது வேண்டுமென்றே கேட்கிற கேள்வி. மெய்ப்புப் பிரிவில் எத்தனை பேர் என்பதுதான் என் மறுமொழியின் பொருள். கேட்டவருக்கும் அது தெரியும். நான் விளக்க வாய் திறப்பதற்குள் அவர் எழுந்து கூடத்துக்குள் போய்விட்டார். நேரே முத்துப்பேச்சி முன்னால் போய் நின்றார்.

"உங்களுக்கு டாய்லெட் வசதியெல்லாம் எப்படிம்மா?"

முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன், ஓர் எழுத்தும் திருத்தவில்லை.

"இருக்கு மேடம். நல்லாத்தான் இருக்கு. சாவிக்குத்தான் புலவரம்மா முன்னாடி போயி நிக்கணும். எதுக்குன்னு கேப்பாங்க. ஆம்பளைக நடமாடுற எடம் மேடம், தீட்டுன்னு எப்பிடிச் சத்தமாச் சொல்ல? சொன்னாலும், 'மறுபடியுமா?'ம்பாங்க. அதுக்குப் பயந்து நாங்க யாரும் காலையில தண்ணி குடிக்கிறதில்ல."

கேட்டேன்தான். மறுபடியும் வந்தால் மறுபடியுமா என்றுதானே கேட்கமுடியும்? தமிழில் அதற்கு வேறு என்ன சொல் இருக்கிறது?

ஆய்வாளர் விடவில்லை. "புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்களே, ஆதிரை. அவங்க வந்தா உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

இப்போதாவது சொல்வார்கள் என்று நின்றேன். முந்தின நாள் அத்தனை பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். முத்துப்பேச்சி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, முத்துப்பேச்சியே சொன்னாள்.

"அந்தப் புள்ள வந்துட்டுப் போகட்டும் மேடம். கதவ முழுசாப் போட்டுக் குடுங்க, உள்ள தாப்பா வைங்க. அவுக பாட்டுக்கு அவுக, நாங்க பாட்டுக்கு நாங்க. எங்களுக்கு அந்தச் சாவிதான் வேணாம்."

கூடமே சிரித்தது. பின்னால் நின்ற கருப்பசாமியும் சிரித்தான். யாருக்காக நான் போய் நின்றேன், சொல்லுங்கள். நாளெல்லாம் தாள் மடிக்கிறவளுக்காகவும் சேர்த்துத்தானே அன்று ஏகாதசியைத் தள்ளி அச்சடித்தேன். நன்றி என்ற சொல்லை நான் அவர்களிடம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிரிப்பையும் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வாளர் முதலாளியிடம் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். உள்ளே தடுப்புச் சுவர் கூரைவரை எழவேண்டும். கதவு தரைவரை வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் உள்தாழ்ப்பாள். இவ்வளவு பெண்களுக்கு மூன்று போதாது, இன்னும் சில கட்டவேண்டும். ஆதிரையை யாரும் தடுக்கக் கூடாது. வெளிக்கதவில் பூட்டு இருக்கக் கூடாது. முதலாளி என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்களே போய்க் கூட்டிட்டு வந்தீகளே" என்றார். அதுவே போதாதா?

வசுமதி? அவளுக்கு என்ன. கதவு முழுதாக வந்தது, பயமும் போயிற்று. இப்போது ஆதிரையும் அவளும் ஒரே தூக்குச் சட்டியில் தக்காளிச் சோறு சாப்பிடுகிறார்கள். "அக்கா, நான் சொன்னது கதவத்தானே" என்கிறாள் என்னிடம். அவள் சொன்னது கதவை மட்டும்தானாம். என்னை மேலே ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டாள்.

பூட்டைக் கழற்றிய அன்று மாலை ஆதிரை என்னிடம் வந்தார். கையில் தேநீர். மேசைமேல் வைத்தார், நான் தொடவில்லை.

"அம்மா, பேச்சி அக்கா சொன்னாங்க. இந்த எடமே நீங்க சண்டை போட்டு வாங்குனதாமே?"

"ஆம். பெண்களுக்காக வாங்கினேன்."

"அதாம்மா. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பாருங்கள் அந்தத் துணிச்சலை. சொல்லிவிட்டுக் கைகூப்பினார். குத்தலாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ பேர் எழுதியதன் உட்பொருளைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் நான். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. மறுநாள் நானே எடுத்துக் கொட்டினேன்.

நான் அங்கே போவதில்லை. அன்றிலிருந்து போவதில்லை. போகமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. காலையில் அரைக் குவளை காப்பி, அதோடு சரி. வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். அன்று கோமளாவுக்குச் சொன்னதையே போன மாதம் மருத்துவர் எனக்கும் சொன்னார்: தாரையில் புண், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை விழுங்கவும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்வார்கள்.

இதுவா? ஆம், அந்தச் சாவிதான். மின்விசிறிக்கு மெய்ப்புத் தாள் பறக்கிறது, மேலே ஒரு பாரம் வேண்டுமே என்று வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் அல்ல. இல்லை, அதை எடுக்கவேண்டாம், நீங்கள் எதற்கு அதை எடுக்கிறீர்கள்? அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கதவில்தான் பூட்டே இல்லையே. பகலெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. காகிதக் கிடங்கைக் கடந்தவுடன் நேர் எதிரே. போகிறவர்கள் போகிறார்கள், வருகிறவர்கள் வருகிறார்கள். இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. நீங்கள் வந்தவுடன் நேரே போயிருக்கலாம்.

அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் இந்த மேசைக்கு எதிரே வந்து நின்றீர்கள், நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றீர்கள், பிறகு கேட்டீர்கள். பூட்டைக் கழற்றிய நாளிலிருந்து என்னிடம் வந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.